கை தூக்கலாமா, மாப்ள?

உன் மகள் நேற்று நகராட்சி அலுவலகத்துக்கு வந்தாள். "மாமா, இது உங்களதாம். அப்பா மேசையில இருந்துச்சு" என்று என் வாசிப்புக் கண்ணாடியை வைத்துவிட்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல் போய்விட்டாள். கண்ணாடிக் கூட்டில் இன்னும் தேங்காய் நார் வாடை. உன் கடை வாடை.

மன்றக் கூட்டம் தொடங்கும்போதெல்லாம், கணக்குப் பிரிவு நாற்காலியில் ஓரமாக உட்கார்ந்திருக்கும் என்னிடம் கை நீட்டுவாய். "கண்ணாடியக் குடு மாப்ள. படிக்கிற மாதிரியாவது இருப்போம்." மற்ற உறுப்பினர்கள் அதுகூடச் செய்வதில்லை. வடை வருவதற்குள் பட்ஜெட் நிறைவேறிவிடும். தண்ணீர் ஏற்றும் மோட்டாருக்குக் கரண்டு பில் எவ்வளவு என்று ஒருவருக்கும் தெரியாது. தன் வார்டில் எத்தனை விளக்கு எரியவில்லை என்பது மட்டும் தெரியும்.

நீ ஜெயித்த அன்று மேடையில் பேசியது நினைவிருக்கிறதா? "எங்கூடப் படிச்சவன் எம்.காம் முடிச்சுட்டு அங்கன கணக்கு எழுதுறான். எட்டாப்பு பெயிலான நான் அவனுக்கு மேல உக்காரப் போறேன்!" கூட்டம் சிரித்தது. அந்தக் கூட்டத்தில் என் மனைவியும் நின்றிருந்தாள். நீ மறுநாளே மறந்துவிட்டாய். நான் மறக்கவில்லை.

பிறகு சந்தையை இடித்துக் கட்டும் பேச்சு வந்தது. புதுக் கடைக்கு ஒவ்வொரு கடைக்காரரும் முன்பணம் கட்ட வேண்டும். கடையைக் காலி செய்யும்போது திருப்பித் தர வேண்டிய பணம் அது. "நான் கவுன்சிலரு, நான் பொறுப்பு" என்று நீதான் வீடு வீடாகப் போனாய். உன்னை நம்பிச் சந்தைப் பூக்காரம்மா கம்மலை அடகு வைத்துக் கட்டினார். அந்தப் பணத்தை நகராட்சி வருமானமாகக் காட்டி, பழைய கரண்டு பாக்கியை அடைக்கலாம் என்று தீர்மானம் வந்தது. கூடாது என்று நான்கு பக்கம் குறிப்பு எழுதினேன். விதி எண்களோடு, அலுவலகத் தமிழில். உனக்கு விளங்காது என்று தெரிந்தே எழுதினேன்.

வராந்தாவில் என்னை நிறுத்தினாய். "சேர்மன் சரின்னுட்டாக. உள்ள ஒரு பயலுக்கும் வெளங்கல. நீ சொல்லு, கை தூக்கலாமா, மாப்ள?"

அது கடைக்காரன் காசு, தொடாதே என்று சொல்ல ஒரு மூச்சு போதும். "குறிப்புல இருக்கு. கவுன்சிலர்தான நீ? படிச்சுக்க" என்று கண்ணாடியை உன் கையில் கொடுத்தேன். நீ கை தூக்கியதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அன்று நீ கண்ணாடியைத் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

தூண்கள் எழும்பியதோடு கட்டட வேலை நின்றது. முன்பணமோ கரண்டு பாக்கிக்குப் போயிருந்தது. கடைக்காரர்கள் பணம் கேட்டு நகராட்சிக்கு வரவில்லை, உன் வீட்டுக்கு வந்தார்கள். கோம்பையில் இருந்த உன் தென்னந்தோப்பை விற்றுப் பாதிப் பேருக்குக் கொடுத்தாய். மீதிப் பேர் வாசலில் நிற்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். நான் மாலையோடு வந்தபோது பூக்காரம்மா கேட்டார்: "படிக்காத மனுசன் சார். படிச்சவுக ஒருத்தராவது சொல்லியிருக்கக் கூடாதா?"

இன்று மன்றத்தில் உனக்கு இரண்டு நிமிட மௌனம். அடுத்த தீர்மானம் பேருந்து நிலையக் கடைகளின் முன்பணம். அதே கதை. இந்த முறை நான் குறிப்பை நம்பவில்லை. முன்பு டீச்சராக இருந்த உறுப்பினர் ஒருவரைக் கூட்டத்துக்கு முன்பே வராந்தாவில் நிறுத்தி, "இது நம்ம காசு இல்லம்மா. செலவழிச்சா, திருப்பிக் கேக்குறப்ப குடுக்க இருக்காது" என்றேன்.

கவனமாகக் கேட்டார். "எப்பத் திருப்பிக் கேப்பாக?"

"ரெண்டு மூணு வருசத்துல."

"அதுக்குள்ள எலெக்சன் வந்துரும் சார்" என்று சிரித்தார். உள்ளே போய்க் கை தூக்கினார்.

உன் கண்ணாடி, இல்லை, என் கண்ணாடி, சட்டைப் பையில்தான் இருக்கிறது. போட்டுக்கொள்ள முடியவில்லை. அன்று நான் சொல்லியிருந்தாலும் நீ கை தூக்கியிருப்பாய் என்று நம்ப முடிந்தால் எனக்கு நிம்மதி. இன்று முழுவதும் முயன்று பார்த்தேன். முடியவில்லை.