காப்பிக் களத்துக் கப்பல்

ஏனுங்க,

நம் பெரியவன் வீடு கட்டுகிறான். கொட்டச்சேட்டில், பஸ் நிற்கும் இடத்துக்கு மேலே, நீங்கள் பலாக் கன்று வைத்த அந்தத் துண்டு நிலத்தில்தான். முந்தாநாள் மேல்தளத்துக்குக் கான்கிரீட் போட்டார்கள். இன்று காலையில் அதன் மேல் பழைய காப்பிச் சாக்குகளைப் பரப்பித் தண்ணீர் ஊற்றினார்கள். தளம் வெடிக்காமல் இருக்க அப்படிச் செய்வார்களாம். நான் கீழே நின்று கொத்தனாருக்கு டீ ஆற்றிக்கொண்டிருந்தேன். நனைந்த சாக்கின் வாசம் படியிறங்கி வந்தது. டம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டேன். உங்கள் போட்டோவுக்குப் பூ வைக்கும்போதுகூட இப்படி ஆனதில்லை. அந்த வாசத்தில் நீங்கள் முழுசாக வந்து நின்றீர்கள், முழங்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டிய வேட்டியும் கையில் வாளியுமாக.

மேலே ஏறிப் பார்த்தேன். நடுவில் குளம் கட்டி நிற்கிறது, ஓரமெல்லாம் உலர்ந்து கிடக்கிறது. "ஓரந்தானுங்க மொதல்ல காயும்" என்று சொல்லி வாளியை வாங்கிக்கொண்டேன். தண்ணீர் மொள்ளக் கீழே இறங்கியவள் அடுப்பங்கரைக்குப் போய்விட்டேன், கை தானாகக் கல்லுப்பு ஒரு பிடி அள்ளிவிட்டது. பின்னாலேயே வந்த பேத்தி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அப்பத்தா, இது கப்பல் இல்ல, ஊடு" என்றாள்.

அவளுக்குக் கதை தெரியும். ஆனால் நமக்குள் இருந்த ஒன்றை அவளிடம் சொன்னதில்லை. அதை உங்களுக்கே எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை. வரி மேலும் கீழும் போகும், நீங்கள்தான் சரி பண்ணிப் படித்துக்கொள்ள வேண்டும்.

முதலாளி அந்தப் படகை மலைக்குக் கொண்டுவந்தபோது பெரியவன் பால் பல் விழுந்துகொண்டிருந்த பிள்ளை. எஸ்டேட்டை வாங்குவதற்கு முன் முதலாளி மெட்ராஸில் கப்பல் என்ஜினியர். சொந்தமாக ஒரு பாய்மரப் படகு வைத்திருந்தார். அத்தனையும் தேக்கு. உள்ளே இரண்டு பேர் படுக்கக் கட்டில், சமைக்கச் சின்ன அடுப்பு, தொங்கும் பித்தளை விளக்கு. அவரும் அவருடைய சம்சாரமும் அதில் ஏறிக் கரையோரமாகவே நாள்கணக்கில் போய்வருவார்களாம். அந்தம்மா தவறிப்போன பிறகு துறைமுகத்தில் அதை அனாதையாக விட்டுவர அவருக்கு மனம் வரவில்லை. ஏற்காட்டு ஏரியில் விட்டுக்கொள்ளலாம் என்று லாரியில் ஏற்றிவிட்டார்.

மலைக்கு இருக்கும் இரண்டு பாதையில் குப்பனூர் பாதை அப்போது லாரிக்கு லாயக்கில்லை. சேலத்து அடிவாரம் வழியாகத்தான் ஏறியது. கொண்டை ஊசி வளைவு ஒன்றில் லாரி மாட்டிக்கொண்டு, மேலே ஒரு பஸ்ஸும் கீழே ஒரு பஸ்ஸும் நின்றுவிட்டன. லாரியை அழைத்துவரப் போயிருந்த நீங்கள் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். பஸ்ஸிலிருந்து இறங்கிய பெரியவர் ஒருவர் படகை அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க, மலைக்கு மேல வெள்ளம் வரப்போகுதுங்களா? எனக்கும் ஒரு எடம் போட்டு வெய்யுங்க" என்றாராம். காப்பி பறிக்கத் தெரிந்தால்தான் ஏற்றுவோம் என்று நீங்கள் சொன்னீர்களாம். அந்த ஒரு பதிலை எத்தனை வருஷம் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள்.

ஏரிக்கு அது ஆகவில்லை. படகின் அடியில் மீனின் செட்டை போல ஒன்று ஆழமாக இறங்கியிருந்தது. ஏரியில் விட்டால் சேற்றில் குத்தி நின்றுவிடும் என்று ஆழத்தை அளந்து பார்த்த பிறகுதான் முதலாளிக்குத் தெரிந்தது. கடைசியில் அது நம் காப்பிக் களத்து ஷெட்டுக்கு வந்து, கட்டைகளின் மேல் நின்றது. களத்து மேஸ்திரி நீங்கள். அதனால் அதுவும் உங்கள் பொறுப்பாயிற்று. "இது ஒரு நாள் மறுபடி தண்ணியப் பாக்கணும், மேஸ்திரி. அது வரைக்கும் நீதான்" என்று முதலாளி சொன்னார். நீங்கள் தலையை மட்டும் ஆட்டினீர்கள். உங்கள் தலையாட்டல் ஊரில் மற்றவர்கள் எழுதிக் கொடுப்பதற்குச் சமம் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரிந்திருந்தது.

அந்த முதல் மழைக்காலத்தில் நீங்கள் பண்ணிய வேலையை மறக்க முடியுமா? காப்பிக்காரருக்கு ஈரம் என்றால் எதிரி. பனி இறங்கினால் தார்ப்பாய், தூறினால் கொட்டகை, விடிந்தால் கிளறிக் காயவைப்பது. கப்பலையும் அப்படியே பார்த்துக்கொண்டீர்கள். படகுக்கு அடியில் வரிசையாகக் கரியடுப்பு வைத்து, பிள்ளை பெற்றவளுக்குச் சூடு காட்டுவது போல் காட்டினீர்கள். முதலாளி வைத்தியத்துக்காக மெட்ராஸ் போயிருந்தார். வந்ததும் பெருமையாக அவரைக் கூட்டிப் போய் உள்ளே உட்காரவைத்தீர்கள். உட்கார்ந்தவர் பலகை இடுக்கு வழியாக வெளியே பார்த்தார். களத்தில் காப்பி கிளறிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார். எனக்கும் அவர் கண் தெரிந்தது.

அவர் திட்டியிருந்தால் நீங்கள் தாங்கியிருப்பீர்கள். அவர் கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தார். "என் கப்பலக் காப்பிக் கொட்டையாட்டம் காய வெச்சுட்டியேப்பா" என்றார். மரப் படகுக்கு ஈரம்தான் உயிர், பலகை ஊறி ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டால்தான் அது படகு என்று அப்புறம் பொறுமையாகச் சொன்னார். வெறும் தண்ணீர் பட்டால் மரம் உளுத்துப்போகும், உப்புத் தண்ணீரில் சாக்கை நனைத்துச் சுற்றிப் போடு என்றார்.

அன்று நீங்கள் சாப்பிடவில்லை. "கப்பக்காரன் பொழப்பு நமக்கெதுக்கு புள்ள" என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டீர்கள். விடிந்தபோது பாய் காலி. போய்ப் பார்த்தால் ஷெட்டில் சாக்கு உதறிக்கொண்டிருந்தீர்கள்.

அதன் பிறகு அது நம் வீட்டு வேலைகளில் ஒன்றாகிவிட்டது. மாடு கறப்பது போல, விளக்கு ஏற்றுவது போல. மலையில் வெயில் ஏறும் மாதங்களில் காலையும் சாயங்காலமும் நீங்கள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். உப்பு வாங்கப் போனால் கடைக்காரர் சும்மா விடமாட்டார். "மேஸ்திரி ஊட்டுல ஊறுகா நொம்ப ஓடுதாட்ட இருக்குது" என்பார். கப்பலுக்கு ஊறுகாய் போடுகிறோம் என்று நான் சொல்வேன், அது உண்மைதானே. வருஷா வருஷம் மரத்துக்கு எண்ணெயும் வார்னிஷும் ஏற்றினீர்கள். பித்தளை விளக்கை நான் புளி போட்டு விளக்கினேன். எஸ்டேட்டில் எந்த வீட்டுக் குத்துவிளக்கும் அப்படி மின்னியதில்லை, இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். ஆயுத பூஜையன்று காப்பிப் பழத்தைத் தோலுரிக்கும் பல்பர் மெஷினுக்கு வைத்த சந்தனப் பொட்டை கப்பலின் மூக்குக்கும் வைத்தேன். முதலாளி பார்த்துவிட்டு, பொட்டு கொஞ்சம் பெரிசாகவே வை என்றார்.

ஒரு மழை நாளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். காப்பிப் பூவுக்கு ஏங்கிக்கொண்டிருந்தபோது வந்த கோடை மழை. நாம் இருவரும் சாக்கு நனைக்கப் போய் ஷெட்டில் மாட்டிக்கொண்டோம். தகரத்தில் மழை அடித்த அடியில் பேச்சுக் கேட்கவில்லை. நீங்கள் ஏணியைக் காட்டினீர்கள். அத்தனை வருஷத்தில் வேலைக்கென்று இல்லாமல் நாம் சும்மா அதற்குள் போய் உட்கார்ந்தது அன்று ஒரு நாள்தான். நீங்கள் ஒரு கட்டிலில், நான் எதிர்க் கட்டிலில். நடுவில் முழங்கால் இடித்தது. வார்னிஷ் வாசம், ஈரச் சாக்கு வாசம். "கண்ண மூடு புள்ள. நகருதான்னு பாரு" என்றீர்கள்.

நான் மூடினேன். நன்றாகவே கவனித்தேன். அப்புறம் உள்ளதைச் சொன்னேன், நகரலீங்க என்று.

"நகரும்" என்றீர்கள். கோபமில்லை. எனக்கல்ல, படகுக்குச் சொன்னது போல் இருந்தது.

முதலாளி காலமானபோது எஸ்டேட் கைமாறியது. அவருடைய மகள் பெங்களூரிலிருந்து வந்து, எஸ்டேட்டை யாருக்கு வேண்டுமானாலும் கொடு, கப்பல் மட்டும் மேஸ்திரி யாரைச் சொல்கிறாரோ அவருக்கு என்று அப்பா சொல்லிவிட்டுப் போனதாகச் சொன்னது. விலையெல்லாம் அந்தப் பிள்ளை பார்த்துக்கொள்ளும். ஆளைப் பார்ப்பது நீங்கள். புதிய எஸ்டேட்காரர் அடுத்த காப்பிப் பறிப்புக்குள் ஷெட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார். மகள் இங்கிலீஷ் பேப்பரில் விளம்பரம் கொடுத்து, அதைத் தமிழில் நமக்கு வாசித்துக் காட்டியது: நன்றாகப் பராமரித்த பழைய மரப் பாய்மரப் படகுக்குப் புதிய சொந்தக்காரர் தேவை. நீங்கள் மீசையைத் தடவிக்கொண்டு, "பொண்ணுக்கு மாப்பள தேடறாப்பலயே எழுதியிருக்குதுங்கம்மா" என்றீர்கள்.

மாப்பிள்ளை வீட்டார் வரத்தான் செய்தார்கள். சேலத்து மரக்கடைக்காரர் வந்து விரல் முட்டியால் தட்டித் தட்டிப் பார்த்தார். எத்தனை கதவு தேறும் என்று அவர் மனசுக்குள் அறுத்துக்கொண்டிருந்தது முகத்திலேயே தெரிந்தது. சேலத்தில் கதவுக்கு வேறு மரமே கிடைக்கவில்லையா என்று கேட்டு அனுப்பிவிட்டீர்கள். பாதி குடித்த காப்பியை அவர் அங்கேயே வைத்துவிட்டுப் போனார். அடுத்து வந்த லாட்ஜ்காரர் நல்ல மனுஷன். வாசலில் நிறுத்திவைத்தால் டூரிஸ்ட் பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடும் என்றார். உடைக்க மாட்டேன், வருஷா வருஷம் பெயின்ட் அடிப்பேன் என்றும் சொன்னார். நீங்கள் இரண்டு நாள் யோசித்தீர்கள். "முழுசா இருக்கும். ஆனா நின்னுக்கிட்டேதான் இருக்கும் புள்ள" என்று மூன்றாம் நாள் என்னிடம் சொன்னீர்கள். அவருக்கும் இல்லை என்றாயிற்று.

அப்புறம் வருகிறவர்கள் நின்றுபோனார்கள். உங்களுக்கு நெஞ்சுவலி வந்தது. சேலம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர், பெரியவனைப் பற்றிக் கேட்கவில்லை, மாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. "சாக்கு நனச்சியா?" என்றீர்கள். காலையில் நனைத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன் என்றேன். கண்ணை மூடிக்கொண்டீர்கள். என்னிடம் நீங்கள் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

கருமாதி முடியும் முன்னே நான் வாளியைத் தூக்கிக்கொண்டு களத்துக்குப் போனேன். உங்கள் சின்னம்மா வாசலை மறித்துக்கொண்டு, "தாலியறுத்தவ காரியம் முடியங்காட்டி வாசப்படி தாண்டறதா?" என்றார். வெயில் அப்படி. ஓரப் பலகை வாய் திறக்க ஆரம்பித்திருந்தது.

"அவரு கேட்டா நான் என்னங்க சொல்றது?" என்றேன்.

சின்னம்மா நகர்ந்துகொண்டார். மறுநாள் அவரே ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து ஷெட் வாசலில் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் போனார்.

பெரியவனுக்கு என்மேல் வருத்தம். லாட்ஜ்காரருக்கே கொடுத்துவிடலாம், புது எஸ்டேட்காரரைப் பகைத்துக்கொண்டு எங்கே வேலைக்குப் போவது என்று அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. காப்பிப் பழம் சிவக்கத் தொடங்கிவிட்டது. பறிப்பு தொடங்கும் வரைக்கும் பொறு சாமி என்றேன். அதற்கு மேல் எனக்கும் வழி தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பேப்பர் விளம்பரத்தைப் பார்த்துத் தூத்துக்குடியிலிருந்து புருஷனும் பெண்டாட்டியுமாக இரண்டு பேர் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அவர் மரத்தைத் தட்டவில்லை. அடியில் குனிந்து போய், பலகைச் சேர்மானத்தில் நகத்தை வைத்து ஓட்டிப் பார்த்தார். பிறகு சாக்கின் நுனியை எடுத்து முகர்ந்தார், நாக்கில் வைத்தார். அப்படியே நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"மலையில உப்புத் தண்ணி யாரும்மா ஊத்துனது?" என்றார்.

"எங்க ஊட்டுக்காரருங்க. இப்ப நானுங்க."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏணியில் ஏறினார். இறங்கி வந்ததும் நான் ஒன்றே ஒன்று கேட்டேன், இதை எங்கே நிறுத்துவீர்கள் என்று. அவருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. பெண்டாட்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"தண்ணியிலதாம்மா" என்றார்.

நான் உள்ளே போய்க் காப்பி போட்டேன். அந்தம்மா என் பின்னாலேயே வந்து, எதற்கு அழுகிறீர்கள் என்று கேட்டது. புகை என்றேன்.

கப்பலைக் குப்பனூர் வழியாக இறக்கினோம். பாதை நன்றாகிவிட்டிருந்தது. போகும்போது அந்தப் பக்கமாகத்தான் போக வேண்டும் என்று நீங்கள் எப்போதோ தீர்மானம் பண்ணி வைத்திருந்தீர்களே. களத்துப் பெண்கள் அத்தனை பேரும் பறிப்புக் கூடையோடு ரோட்டில் நின்றார்கள். நான் அதன் மூக்கில் பொட்டு வைத்தேன், பெரிசாகவே.

தண்ணீரில் விடும்போது தூத்துக்குடிக்கு வரச் சொல்லிக் கார்டு போட்டிருந்தார்கள். பெரியவனோடு போனேன். கடலை அன்றுதான் பார்த்தேன். இறக்கியதும் படகுக்குள் தண்ணீர் ஏறியது. பெரியவன் பயந்து என் கையைப் பிடித்தான், போச்சும்மா, மூழ்கப் போகுது என்றான். "ஊறட்டும், அடச்சுக்கும் சாமி" என்றேன். அவர்கள் சாவதானமாக வாளியில் மொண்டு மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலையில் உள்ளே சொட்டு இல்லை. நாம் சாக்கு விரித்தும் நனைத்தும் காத்த பலகையெல்லாம் தோளோடு தோள் சேர்ந்து இறுகிவிட்டது.

என்னைக் கைபிடித்து ஏற்றிவிட்டார்கள். குனிந்து ஒரு கை கடல் தண்ணீர் எடுத்து வாயில் வைத்தேன். நம் வாளித் தண்ணீர் போலவே இருந்தது. உள்ளே போய் அன்று மழையில் உட்கார்ந்த கட்டிலிலேயே உட்கார்ந்தேன். விளக்கு தலைக்கு மேல் மின்னியது. எதிர்க் கட்டிலில் யாரையும் உட்காரவிடவில்லை. என் முந்தானையை அதன் மேல் போட்டுவைத்தேன். கயிற்றை அவிழ்த்தார்கள். கண்ணை மூடிக்கொண்டேன்.

இப்போதும் வெயில் ஏறினால் என் கை வாளியைத் தேடுகிறது. உப்புச் சட்டி காலியாக இருந்தால் மனசு பதறுகிறது. இன்று காலை அந்தத் தளத்தின் ஓரம் முழுக்க நானே நனைத்தேன். உப்பு போடவில்லை, பேத்தி விடவில்லை. நனைத்து முடித்துச் சாக்கின் மேலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அன்று படகில் பெரியவன் இருந்தான், அந்த இரண்டு பேரும் இருந்தார்கள், வாய்விட்டுச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இத்தனை நாளும் பாக்கி நின்றுவிட்டது.

நகந்துச்சுங்க.