என் குசினிக்குச் சின்ன மெஷின்

மாசி 3, திங்கள்

காலையில் தூறல். பிறகு கொதிக்கிற வெயில். புதுக் குசினிக்கு டைல்ஸ் வந்து இறங்கியது. இரண்டு உடைந்திருக்கிறது.

மேசன் கேட்டான்: "டீச்சர், பதிக்க முதல் சொல்லுங்க. சிங்குக்குக் கீழ வேற பைப் ஏதும் விடணுமா?"

"ஓம். டிஷ்வொஷருக்கு ஒண்டு."

விளங்காமல் பார்த்தான். சட்டி கழுவும் மெஷின் என்றேன். சிரிப்பை அடக்கப் பார்த்தான், முடியவில்லை. பரவாயில்லை. வாயால் சொல்லியாகிவிட்டது, இனிப் பின்வாங்குவதில்லை.

முன்வீடு மகள் வதனிக்குக் கலியாணத்தோடு எழுதிக் கொடுத்தது. எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான், அதில் வருத்தமில்லை. இப்போது அதே வளவின் பின்பக்கம் எனக்கென்று ஓர் அறை, ஒரு குசினி. ஆனால் அன்று கொடுத்தது வீட்டை மட்டும்தான். அந்த வீட்டுச் சட்டிபானையை இத்தனை வருடமாக உரஞ்சுவதும் நான்தான். அது எந்தக் காணி உறுதிப் பத்திரத்திலும் எழுதியில்லை.

பெருவிரல் மூட்டு இன்று பேனாவுக்கே நோகிறது. கிளினிக்கில் டொக்டர்ப் பிள்ளை (எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்தவள், அப்போதும் அதட்டல்தான்) சொன்னது: "டீச்சர், சட்டி உரஞ்சிறத விட்டிருங்க." தலையாட்டிவிட்டு வந்து, அன்றைக்கே மீன்சட்டி உரஞ்சினேன்.

மாசி 4, செவ்வாய்

வெயில். உளுந்து காயப்போட்டது.

மத்தியானச் சாப்பாட்டில் விஷயத்தைச் சொன்னேன்.

வதனி: "ஒரு ஆளுக்கு என்னத்துக்கம்மா மெஷின்?"

"ஒரு ஆளுக்கு ஃபிரிட்ஜ் இருக்குத்தானே?"

மருமகன் குமரன் உடனே உற்சாகமாகிவிட்டார். நல்ல பிள்ளை, வங்கியில் வேலை. சாப்பிட்ட கோப்பையை மேசையிலேயே விட்டு எழும்புவார். "வாங்கிறதெண்டாப் பெரிசா வாங்குங்க மாமி. எங்கட குசினியில வைப்பம். எல்லாருக்கும் காணும்."

எல்லாருக்கும் காணும். எல்லாருக்கும் போதுமாம். பின்னேரம் முழுவதும் அந்த வார்த்தை மண்டைக்குள். உதாரணம்: பள்ளிக்கூடத்தில் ஒரு பூகோள உருண்டை இருந்தது. எல்லா வகுப்புக்கும் பொது. தூக்கிக்கொண்டு போவது, திருப்பிக் கொண்டுவருவது, தூசி துடைப்பது நான். பொதுச் சாமான் என்றால் யாரோ ஒருத்தியின் வேலை.

பெரிய மெஷின் முன்வீட்டில் இருந்தால், அதற்குள் அடுக்குவது யார்? எடுப்பது யார்? அதற்குள் போகாத பானையை உரஞ்சுவது யார்?

மாசி 5, புதன்

தண்ணீர்ச் சோதனை. இரண்டு போத்தல், ஒன்றில் கிணறு, ஒன்றில் பைப். சவர்க்காரம் சீவிப் போட்டுக் குலுக்கினேன். பைப் தண்ணீர் பொங்கி நுரைத்தது. கிணற்றுத் தண்ணீரில் நுரையே இல்லை, திரைந்த பால் மாதிரி. வாவிக் கரைக் கிணறு, வேறெப்படி இருக்கும். மெஷினுக்குப் பைப்தான்.

பக்கத்து வளவுப் பாக்கியம் அக்கா வேலிக்கு மேலால்: "என்னகா டீச்சர், பென்சன் எடுத்தும் பாடம் நடத்துறீங்க?"

சொன்னேன். நெஞ்சில் கை வைத்தார். "மச்சச் சட்டியும் சைவச் சட்டியும் ஒரே பெட்டிக்குள்ளயா? வெள்ளிக்கிழமை அதில எப்பிடிகா சாப்பிடுற?"

நியாயமான கேள்வி. வெள்ளிக்கென்று ஒரு சின்னப் பானையும் கோப்பையும் அலுமாரியில் வேறாக இருக்கிறது, அதைக் கையால் அலசுவேன் என்றேன்.

"மிச்சம்?"

"மெஷின்."

"வதனிர சட்டி?"

போத்தலை இன்னொருமுறை குலுக்கினேன்.

மாசி 6, வியாழன்

காத்தான்குடிக்கு பஸ். பையில் என் சோற்றுக் கோப்பை, தேத்தண்ணிக் கப், அகப்பை, மீன் ஆக்கும் மண்சட்டி. சப்பாத்து வாங்கும்போது காலைக் கொண்டுபோவதில்லையா?

முதற் கடையில் பளபளவென்று ஒன்று. "பழுதாப் போனா ஆர் வருவாங்க?" என்றேன். "கொழும்பில இருந்து வருவாங்க டீச்சர்." "எப்ப?" விற்கிறவர் முகட்டைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

இரண்டாவது கடை. முதலாளி பையைக் கண்டதும், "சாப்பாடும் கொண்டந்த மாதிரிக் கிடக்கு" என்று சிரித்தார். பழுதுபார்ப்பவர் கடைக்குப் பின்னாலேயே இருக்கிறார், வடிகட்டியும் குழாயும் கையிருப்பில் உண்டு, எடுத்துக் காட்டினார். வாரம் ஒருமுறை வடிகட்டியை அலசவேண்டும், இல்லாவிட்டால் மீன்செதிள் அடைக்கும். தண்ணீரின் கடினம் குறைய உப்புப் போட ஒரு வாய் இருக்கிறது. மண்சட்டியை மட்டும் கையால் மறித்தார்: "இத உள்ளுக்கு வைக்காதீங்க டீச்சர். தண்ணியக் குடிச்சி வெடிச்சிரும்." போகட்டும். ஒரு சட்டி கையால்.

என் சாமான் முழுவதும் சின்ன மெஷினுக்குள் அழகாக நின்றது.

முதலாளி சங்கடத்தோடு: "ஒண்டு சொல்லணும். குடும்பத்துக்குச் சமைக்கிற பெரிய பானை இதுக்குள்ள போகாது."

"நல்லது. இதையே தாங்க" என்றேன்.

மாசி 8, சனி

மெஷின் வந்தது. மேசன் விட்ட பைப் சரியாகப் பொருந்தியது. இப்போது அவன் சிரிக்கவில்லை.

குமரன் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "சின்னனாக் கிடக்கு மாமி."

"ஓம்."

முதல் ஓட்டத்தின் நடுவில் கரண்ட் போனது. கரண்ட் வந்ததும், விட்ட இடத்திலிருந்து தானே தொடர்ந்தது. வகுப்பில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் போதும். நம்பலாம்.

மாசி 9, ஞாயிறு

புழுக்கம். முன்வீட்டில் குமரனின் கூட்டாளிமாருக்கு விருந்து, நண்டுக்கறி. நான் என் குசினியில் சொதியும் சோறும்.

விருந்து முடிய, கழுவாத சட்டிபானை நிறைந்த பெரிய பேசினோடு வதனி என் வாசலில். "அம்மா, இதுகள உங்கட மெஷினுக்குள்ள ஒருக்காப் போடுங்க."

மெஷின் கதவைத் திறந்து காட்டினேன். என்னுடைய இரண்டு நாள் கோப்பைகள், நிறைய. "இடமில்ல மகள்."

"இது முடிய, மறுகா?"

"பெரிய பானை உள்ள போகாது."

"அப்ப அத மட்டும் கையால நீங்க..." என்று தொடங்கியவள் நிறுத்திவிட்டாள். இரண்டு பேரும் என் பெருவிரலைப் பார்த்தோம். வீங்கித்தான் இருந்தது.

"நீங்க மாறிட்டீங்கம்மா."

"ஓம் மகள்."

பேசினை வெளிப் பைப்படியில் டங்கென்று வைத்துவிட்டுப் போனாள். எழும்பிப் போய் உரஞ்சிவிடுவேனோ என்று எனக்கே பயம். கதிரையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தேன். முன்வீட்டுக்குள் ஏதோ வாக்குவாதம். பிறகு தண்ணீர்ச் சத்தம்.

யன்னலால் பார்த்தேன். குமரன். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, குந்தியிருந்து பானை உரஞ்சுகிறார்.

வேலிக்கு மேலால் பாக்கியம் அக்கா: "ஐயோ தம்பி! மருமகப் புள்ளையா சட்டி கழுவுற? டீச்சர் எங்க?"

"மாமி பென்சன் எடுத்திட்டா, அக்கா."

பானையின் அடிக்கரி சரியாகப் போகவில்லை. இங்கிருந்தே தெரிகிறது. நான் எழும்பவில்லை.