இருபத்தொன்றாவது கிளிப்

ஜனவரி 14

இமாயெதா சார் இன்றும் வந்தார். தலைமை அலுவலகத்துப் பொறியாளர். ரோபோ கைக்கு மேலே தொங்கும் கேமராவை அரை மணி நேரம் துடைத்தார். எங்கள் யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. கேமராவுக்குச் சொல்லியிருப்பார்.

இருபது வெள்ளைக் கிளிப் அடுக்கிய தட்டை நாங்கள் வைக்க வேண்டும். எது எங்கே இருக்கிறது என்று கேமரா படமெடுத்துப் பார்க்கும். கை இறங்கி ஒவ்வொன்றாக எடுத்துக் கார் கதவுப் பலகையில் பொருத்தும். போன மாதம்வரை பொருத்தியது நானும் மொரிவாகி அக்காவும். இது தேறிவிட்டால் தட்டு வைக்க ஒருத்தி போதும்.

ஜனவரி 15

காலை வரிசையில் மேற்பார்வையாளர் குராச்சி மறுபடியும். ஒவ்வொரு வேலை முடிந்ததும் அதை விரலால் சுட்டி, "சரி" என்று உரக்கச் சொல்ல வேண்டும். விதி. நான் விரலும் நீட்டுவதில்லை, வாயும் திறப்பதில்லை.

"நாருசே, குரலை வீட்டுலயே பூட்டி வச்சுட்டு வந்துட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். பள்ளியிலும் இதேதான். எழுந்து வாசி. கேட்கவில்லை, மறுபடி வாசி. அதற்காகத்தானே பதினாறு வயதில் பள்ளியை விட்டு நின்றேன்?

ஜனவரி 21

அம்மா சொல்லிவிட்டாள்: "இந்த வேலையும் போச்சுன்னா மாமா கடைதான்."

டொயோஹாஷியில் மாமாவுக்கு நூடுல்ஸ் கடை. கதவு திறக்கும்போதெல்லாம் "வாங்க, வாங்க" என்று கத்த வேண்டும். நானா கத்துவேன்? மொரிவாகி அக்கா நன்றாகச் சத்தம் போடுவாள், அவளை வைத்துக்கொள்வார்கள். போகப்போவது நான்தான்.

ஜனவரி 24

ரோபோ கை அடிக்கடி நின்றுபோகிறது. தட்டோரத்தில் வெறும் காற்றைக் கிள்ளிவிட்டு அலறுகிறது. அக்கா தட்டு வைத்தால் நிற்கிறது. குராச்சி வைத்தால் நிற்கிறது. நான் வைத்தால் நிற்பதில்லை. சார் தனியாக வைத்துப் பார்த்தாலும் நிற்பதில்லை.

"உங்க ஜன்னல் வெளிச்சம்தான் காரணம்," என்றார் சார். எல்லா ஜன்னலுக்கும் கறுப்புத் துணி.

ஜனவரி 28

வெளிச்சம் இல்லையாம். தரையின் அதிர்வாம். அடுத்த வாரம் எங்கள் மூச்சுக்காற்று என்பார்.

அக்கா என் காதருகே: "படிச்ச படிப்புக்கு அந்தாளு ஒரு தடவையாவது தலைய நிமித்திப் பாக்கலாம்டி."

பிப்ரவரி 3

கண்டுபிடித்துவிட்டேன்.

கேமரா தான் கண்ட ஒவ்வொரு கிளிப்பையும் திரையில் பச்சைக் கட்டம் போட்டுக் காட்டும். அக்கா தட்டை வைத்தாள், சுட்டினாள், "சரி" என்றாள். எண்ணினேன். தட்டில் இருபது. திரையில் இருபத்தொன்று. ஓரத்தில் கூடுதலாக ஒன்று – வெள்ளைக் கையுறை போட்ட அவள் விரல் நுனி.

நான் சுட்டுவதில்லை. சாருக்கு அப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது. அவ்வளவுதான் விஷயம். இதற்கா எங்களை இருட்டில் உட்கார வைத்தார்? மடிக்கணினியில் எண்களைப் பார்க்கிறார், படத்தைப் பார்ப்பதில்லை. இவர்தான் இயந்திரத்துக்குக் கண் வைக்க வந்தவர்.

சொல்ல மாட்டேன். சொன்னால் இயந்திரம் தேறும். எனக்கு டொயோஹாஷி.

பிப்ரவரி 9

சொல்லவில்லை.

பிப்ரவரி 12

நாளை வாடிக்கையாளர் முன்னால் சோதனை. குராச்சி என்னைத் தேடி வந்தார், சிரித்துக்கொண்டே.

"நாளைக்குத் தட்டு வைக்கப்போறது நீதான். உன்கிட்டதான் அது நிக்கறதே இல்ல. விரல் வேணாம், சத்தம் வேணாம். எப்பவும் போல ஊமையா இரு, போதும்."

"அப்புறம் நான்?" என்று கேட்டேன்.

"என்ன? கேக்கல," என்று போய்விட்டார்.

ஒரு வருடமாக என்னைக் கத்தச் சொன்ன வாய் அது.

பிப்ரவரி 13

தட்டை வைத்தேன். விரலை நீட்டினேன். "சரி" என்றேன்.

என் குரலா அது? கூரைத் தகடுவரை போய் வந்தது. கை காற்றைக் கிள்ளியது, அலறியது, நின்றது. குராச்சி என்னிடம் ஓடி வந்தார். விதிப்படி செய்தவளை என்ன சொல்லித் திட்டுவார்?

ஆனால் – சே. அந்தச் சத்தத்துக்கு சார் நிமிர்ந்துவிட்டார். ஒரு மாதத்தில் முதல் முறை. என் விரலைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடியும் என் விரலை.

கொஞ்சம் மெதுவாச் சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதாடி, முட்டாள்.

பிப்ரவரி 20

எல்லோருக்கும் நீலக் கையுறை. காலையிலிருந்து ஒருமுறைகூட நிற்கவில்லை. ஜன்னல் துணியை யாரும் கழற்றவில்லை.

ஏப்ரல் 6

டொயோஹாஷி. மாமா கடையில் மதியக் கூட்டம். கதவு திறந்தது, "வாங்க, வாங்க" என்று கத்திவிட்டுப் பார்த்தால் – குராச்சியும் சாரும். இந்த ஊர் ஆலையிலும் ஒரு கேமரா மாட்டுகிறார்களாம்.

குராச்சி காதைத் தேய்த்துக்கொண்டார். "நாருசேயா? நீயா கத்துன?"

சார் கைபேசியிலிருந்து தலையை எடுக்கவில்லை.

கிண்ணத்தை அவர் முன்னால் வைத்தேன். மேலே இரண்டு அரை முட்டை. வெறும் விரலால் அவற்றைச் சுட்டி, கடைசி மேசைவரை கேட்கும்படி, "சரி" என்றேன்.

நிமிர்ந்தார்.