மூடிய பெட்டிக்குள் வெளிச்சம்

மார்ச் 4
இன்றுதான் உருப்படியாக ஒன்று அமைந்தது. டேப்பால் உரித்தெடுத்த கிராஃபீன் துணுக்கின் மேல் மாலிப்டினம் டைசல்ஃபைடின் ஒற்றை அடுக்கு, ஒரு சுருக்கம்கூட இல்லாமல் உட்கார்ந்துவிட்டது. வெளிச்சம் பட்டால் இதில் மின்னோட்டம் ஏறும். கறுப்புப் பெட்டிக்குள் வைத்து மூடினால் வரைபடத்தில் மின்னோட்டக் கோடு அசையாமல் கிடக்க வேண்டும். கிடந்தால் என் ஆய்வேடு முடிந்தது.

பக்கத்து மேசைக்காரன் எட்டிப் பார்த்தான். எந்நேரமும் பல்லைக் காட்டுவதால் அவனுக்கு நான் வைத்திருக்கும் பெயர் சிரிப்பு. "அக்கா, உங்க பெட்டிய நம்பாதீங்க" என்றான். வயிற்றெரிச்சல். அவனும் இதே ஒளி சென்சாரைத்தான் செய்கிறான், இன்னும் அமையவில்லை.

மார்ச் 6
வரைபடத்தில் சாயங்காலம் ஒரு மேடு. மூடிய பெட்டிக்குள் வெளிச்சம் எப்படி? நாங்கள் எல்லாரும் டீக்குப் போயிருந்த நேரம். சிரிப்பு மட்டும் வருவதே இல்லை. ஏன்?

மார்ச் 7
மறுபடியும் மேடு.

மார்ச் 10
மேடு இல்லை. வெள்ளிக்கிழமை நான் முறைத்த முறைப்பில் பயந்துவிட்டான். நாள் முழுக்க மழை வேறு, துணி ஒன்றும் காயவில்லை.

மார்ச் 11
நல்ல வெயில். மேடும் வந்துவிட்டது. திருட்டுப் பயல்!

வீட்டுக்காரரிடம் புலம்பினேன். "நான் போனை எடுத்துக்கிட்டு பால்கனிக்குப் போனாலே சந்தேகப்படுவ. அவன் எம்மாத்திரம்?" என்றார். அது சரி, பால்கனியில் அப்படி யாரிடம்தான் பேசுகிறார்?

மார்ச் 12
அவன்தான் என் பெட்டியைத் திறக்கிறான் என்று கைடிடம் சொல்லிவிட்டேன். "நீ பாத்தியாம்மா?" என்றார். "என் சென்சாரே பாத்திருக்கு சார்." சண்டை என்றாலே அவருக்கு ஆகாது. அவனைக் கீழ்த்தளத்து ஸ்டோர் ரூமுக்கு மாற்றிவிட்டார். சிரித்துக்கொண்டேதான் மூட்டை கட்டினான். என்ன நெஞ்சழுத்தம்!

மார்ச் 13
அவன் மேசை காலி. ஆனாலும் டீக்குப் போகாமல் பெட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மேடு எழுந்தது. என் கண் முன்னால்.

மேற்கு ஜன்னல் வெயில் மேசை மேல் நகர்ந்து, வயர் நுழையும் ஓட்டையில் விழுந்துகொண்டிருந்தது. கையால் மறைத்தேன், மெதுவாக இறங்கியது. எடுத்தேன், ஏறியது. அன்றைக்கு மழை — அதனால்தான் — ஐயோ, என்ன பண்ணி வச்சிருக்கேன்!

மார்ச் 14
கைடிடம் உண்மையைச் சொன்னேன். "அவன்கிட்ட சொன்னியா?" என்று மட்டும் கேட்டார். இல்லை. கால் எழவில்லை. வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 17
ஓட்டையை அடைத்தும் பெட்டி எங்கோ ஒழுகுகிறது. ஜன்னலே இல்லாத அறை இந்தக் கட்டடத்தில் அந்த ஸ்டோர் ரூம் ஒன்றுதான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினேன்.

"தப்பு என்மேலதான்" என்றேன். பாதி மேசையை ஒதுக்கிக் கொடுத்தான். "இந்த ரூமைத்தான்க்கா ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருந்தேன், குடுக்கல. நீங்க ஒரே நாள்ல வாங்கிக் குடுத்துட்டீங்க." குத்திக்காட்டுகிறானா? தெரியவில்லை. பெட்டியை அங்கே வைத்ததும் கோடு மேடே இல்லாமல் நேராகப் போயிற்று.

சாயங்காலம் அவனை டீக்குக் கூப்பிட்டேன், உடனே எழுந்துவிட்டான். இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

"யாரும் கூப்பிடலையேக்கா" என்றான். அதைச் சொல்லும்போது மட்டும் அவன் சிரிக்கவில்லை.