மணற்குழியில் நீங்கள் இறங்கிய பின்னேரம்

ராத்தா,

இன்று காலை ஆஸ்பத்திரியில் இலுப்பெண்ணெயைச் சூடாக்கினேன். வாசம் எழும்பியதும், "சூடு பாத்தியா புள்ள?" என்று நீங்கள் பின்னால் நின்று கேட்டதுபோல இருந்தது. திரும்பியும் பார்த்துவிட்டேன். போன நோன்புக்கு முன்னரே நீங்கள் மௌத்தாகி அடக்கமாகிவிட்டீர்கள் என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

காய்ச்சலில் கால் சூம்பிய பிள்ளைகளை வெள்ளைக்கார டொக்டர் துரை நம் இருவரிடமும் விட்டிருந்தார். எண்ணெய் பூசி உருவுவோம், நீட்டி மடக்குவோம். பின்னேரம் கடற்கரையில் குழி தோண்டி, இடுப்பளவு புதைத்து நிறுத்துவோம். சூட்டுமணல் சுற்றிவரப் பிடித்துக்கொண்டால் நிற்கத் தெரியாத காலும் நிற்கும். பிள்ளைகள் அழாமலிருக்கப் பகிடி விட்டுச் சிரிக்கவைப்பது என் வேலை. அதற்கு மட்டும் எனக்குப் படிப்புத் தேவைப்படவில்லை.

கொண்டச்சியிலிருந்து வந்த அந்தச் சின்னப் பெட்டையைக் குழியில் நிறுத்திவிட்டு, "என்னடி பனங்கிழங்கு, எப்ப முளைக்கப் போறாய்?" என்றேன். தோணி இழுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். "இன்னும் ரெண்டு மழை வேணும் அக்கா!" என்றான் ஒருத்தன். நானும் சேர்ந்து சிரித்தேன். அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

மறுநாள் அவளுடைய வாப்பா தனியாக வந்தார். "புள்ள இனிக் குழிக்குள்ள இறங்கமாட்டாளாம். ஊருக்குக் கூட்டிக்கொண்டு போறன்."

போனால் அந்தக் கால்கள் மடங்கியபடியே இறுகிவிடும். நீங்கள் என்னை ஏசவில்லை. "பின்னேரம் ஒருக்காக் கூட்டிக்கொண்டு வாங்கோ காக்கா," என்று கூடப்பிறந்த அண்ணனிடம் கேட்பதுபோல அவரிடம் கேட்டீர்கள்.

பின்னேரம் இரண்டு குழி தோண்டி, ஒன்றில் முக்காடு கலையாமல் நீங்களே இறங்கினீர்கள். வாப்பாவின் தோளில் இருந்தவளைப் பார்த்து, "வா மகள், தனிய நிக்க எனக்கு ஒரு மாதிரிக் கிடக்கு," என்றீர்கள். தோணிக்காரர் இழுப்பதை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். அவள் மெல்ல இறங்கினாள்.

மணல் தள்ளிக்கொண்டிருந்த என்னிடம், "நீயும் இறங்கு புள்ள. இடம் கிடக்கு," என்றீர்கள்.

நான் தோணிக்காரரைப் பார்த்தேன். "சீலை பழுதாப்போகும் ராத்தா," என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

மாதங்கள் போய், அவள் தடி ஊன்றி நடந்து ஊருக்குப் போனாள். உங்களைக் கட்டிப்பிடித்து அழுதாள். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள்.

இப்போதும் பகிடி விடுகிறேன். என் வாய் நிற்குமா? ஆனால் பிள்ளையைக் குழியில் நிறுத்தியதும் கரையில் நிற்பவர்களுக்கு முதுகைக் காட்டி, பிள்ளைக்கு முன்னால் குந்திவிடுகிறேன். பார்க்கிற கண்ணெல்லாம் என் முதுகோடு நிற்கட்டும். அவ்வளவுதான் என்னால் முடிகிறது. குழிக்குள் நான் இன்னும் இறங்கவில்லை, ராத்தா.