பதினேழாம் படி

ஜூன் 3

பதிப்பகத்தில் அறுபது பக்கம் மெய்ப்புப் பார்த்தேன். நான்கு பிழை. மதியம் தொலைபேசி வந்தது: மனைவி எங்கள் மாடிப்படியில் விழுந்துவிட்டாள். வலது கணுக்கால் முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு.

ஜூன் 4

கட்டோடு மாடி ஏற முடியாது. அவள் அக்கா வீட்டில், தரைத்தளத்தில் இருக்கிறாள்.

கீழ்வீட்டிலிருந்து வீட்டுக்காரர் வந்து துக்கம் விசாரிப்பவர் போல நின்றார். "பாத்து இறங்கியிருக்கலாம் சார்." அவள் இரண்டு கையிலும் ஐந்தாம் வகுப்பு விடைத்தாள் கட்டு. எதைப் பார்ப்பது?

குடிவந்த இரண்டு மாதத்தில் நானும் அதே இடத்தில் மூன்று முறை தடுமாறியிருக்கிறேன். செருப்பைத் திட்டினேன். செருப்பை மாற்றவும் செய்தேன்.

ஜூன் 6

டேப் எடுத்து அளந்தேன். பதினேழு படி. கீழிருந்து பதினாறும் தலா பதினெட்டு சென்டிமீட்டர், அச்சடித்தது போல. எங்கள் வாசலைத் தொடும் கடைசிப் படி மட்டும் பன்னிரண்டு.

இறங்கும்போது முதல் அடி பன்னிரண்டு. கால் அதை நம்பி அடுத்ததையும் அப்படியே வைக்கிறது. அங்கே இன்னும் ஆறு சென்டிமீட்டருக்கு வெறும் காற்று.

கால் நம்பியது தப்பா?

ஜூன் 7

"ஆறு சென்டிமீட்டர்தான சார். விடுங்க" என்கிறார் வீட்டுக்காரர். அவருடைய மூக்கு ஆறு சென்டிமீட்டர் தேறாது. அதை விடச் சொன்னால் விடுவாரா?

ஜூன் 9

வீட்டைக் கட்டிய மேஸ்திரியைப் பிடித்தேன். மொத்த உயரம் முந்நூறு சென்டிமீட்டர். பதினேழால் வகுத்தால் 17.647.

"பிளான்லயும் அப்படித்தான் இருந்துச்சு சார். டேப்ல புள்ளிக்கு அப்புறம் முதல் எண்ணுக்குத்தான் கோடு இருக்கு. மத்த ரெண்டுக்கும் கோடே இல்ல. பாதிக்கு மேல இருந்தா மேல தள்ளுன்னுதான பள்ளிக்கூடத்துல சொன்னாங்க? மில்லிமீட்டரே வேணாம்னு பதினெட்டுன்னு வச்சுட்டேன்."

"பதினாறு தடவையா?"

"ஒவ்வொண்ணும் சரியாத்தான சார் இருக்கு."

வயிறு எரிவதே இதனால்தான். படி ஒவ்வொன்றும் சரி, படிக்கட்டு தப்பு. ஒரு படிக்குக் கூடியது நான்கு மில்லிமீட்டர்கூட இல்லை. பதினாறு படியும் ஆளுக்குக் கொஞ்சம் தின்றுவிட்டு மிச்சத்தைக் கடைசிப் படிக்கு வைத்திருக்கின்றன. எந்த வரிசையிலும் கடைசியில் நிற்பவன் கதி அதுதான்.

ஜூன் 10

அவளிடம் சொன்னேன். சிரித்தாள். "பாவம், அந்த ஆளுக்கு நான் ஃபுல் மார்க் போட்டிருப்பேன். வருஷா வருஷம் நான் சொல்லித் தர்றதே அதுதான்." பிறகு சிரிப்பு நின்றது. "கட்டு பிரிச்சாலும் அந்தப் படில நான் ஏற மாட்டேங்க. படி மாறட்டும், வர்றேன்."

ஜூன் 15

வீட்டுக்காரர் நடவடிக்கை எடுத்துவிட்டார். கடைசிப் படியில் மஞ்சள் பெயின்ட்.

ஜூன் 22

மேஸ்திரி வேறொரு வீட்டில் படி கட்டிக்கொண்டிருந்தார். அங்கேயே போய்க் கத்தினேன். "இன்னும் எத்தனை கால் வேணும் உனக்கு?" 'உனக்கு' என்றே வந்துவிட்டது. எல்லோரும் வேலையை நிறுத்தினார்கள்.

அவர் சண்டைக்கு வரவில்லை. கைச் சிமென்ட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"சார், என் வீட்டயும் நான்தான் கட்டினேன். எங்கம்மா மேல வரும்போது கடைசிப் படில எப்பவும் தடுக்கி விழுவாங்க. கண்ணு தெரியலன்னு திட்டுவேன். போன வருஷம், இனி மாடிக்கே வராதன்னு சொல்லிட்டேன்."

என்னிடம் இன்னும் இரண்டு வாக்கியங்கள் இருந்தன. நன்றாகவே தயாரித்திருந்தேன். திரும்பி வந்துவிட்டேன்.

ஜூன் 26

மேஸ்திரியே வீட்டுக்காரரிடம் பேசிவிட்டார்: முழுவதும் இடித்துக் கட்டப் போகிறாராம். அவள் சீட்டு எழுதிக் கொடுத்தாள்: 17.6, 35.3, 52.9, 70.6... கடைசியில் 300.

"படியத் தனித்தனியா அளக்கக் கூடாதுன்னு சொல்லுங்க. எல்லாத்தையும் தரையில இருந்து அளக்கணும். கூட்டும்போது புள்ளிக்குப் பின்னாடி இருக்கறது எதையும் விடக் கூடாது. சுவத்துல கோடு போடறப்ப மட்டும்தான் சுருக்கணும்." பிறகு, "இத நான் கிளாஸ்ல சொன்னதே இல்ல" என்றாள்.

ஜூலை 2

இடிக்கிறார்கள். நான் ஏணியில் வீடு திரும்புகிறேன். ஏணிப் படிகள் எல்லாம் ஒரே அளவு. எரிச்சலாக இருக்கிறது.

ஜூலை 19

கட்டு பிரித்து நான்கு நாள். இன்று காலை வந்தாள். நான் எண்ணிக்கொண்டே பின்னால் ஏறினேன். அவள் எண்ணவில்லை. பதினேழாவதில் அவள் கால் சத்தமில்லாமல் பதிந்தது.

கீழே நின்ற மேஸ்திரி சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக்கொண்டு ஏறி வந்தார். "டீச்சர், எங்க வீடு. உயரம் முந்நூத்திப் பன்னெண்டு. பதினெட்டு படி."

அவள் மனக்கணக்குப் போட்டாள். "பதினேழு புள்ளி மூணு மூணு. பாதிக்குக் கீழ. பதினேழுன்னு வச்சிருப்பீங்க. அப்ப கடைசிப் படி இருபத்து மூணா?"

"ஆமா டீச்சர்."

அவள் மேல்படியில் உட்கார்ந்து பென்சில் கேட்டாள். காற்று அடித்தது. தாளின் ஓரத்தை நான் பிடித்துக்கொண்டேன்.