பினாங்குத் துரைக்குத் துணை

ஆகஸ்டு 3, 1911. வியாழன்.

காற்று. ஆடி மாதத்துப் புழுதி முழுவதும் என் வீட்டிலேயே குடியேற உத்தேசம் போலும். சட்டையை உதறினால் அரை மரக்கால் மண்.

இன்று முதல் இந்த நோட்டில் எழுதப்போவது ஒருவரும் நம்பாத சரித்திரம். பாளையங்கோட்டையில் யாரும் நம்ப மாட்டார்கள், இது சத்தியம். எழுதுகிற எனக்கே பாதி நம்பிக்கைதான்.

கதாநாயகன் ஒரு மீன். சுண்டுவிரல் நீளம். நாவல்பழமும் நெருப்பும் கலந்த நிறம். வால், கல்யாணப் பட்டின் முந்தானை. வசிப்பிடம், பிஸ்கோத்து இருந்த கண்ணாடி ஜாடி. என் மருமகள் எஸ்தருக்கு அவள் புருஷன் சாமுவேல் பினாங்கிலிருந்து கொடுத்தனுப்பியது. வந்து ஒரு மாதம். பினாங்குத் துரை என்று நான் பெயர் வைத்தேன். நடுக்கடலில் கப்பலின் இயந்திரம் நின்றுபோக, துரையின் வாலில் கயிறு கட்டித் தூத்துக்குடிவரை இழுக்க வைத்தார்கள் என்று சபையில் சொல்லியிருக்கிறேன். மூப்பர் ஒருவர் கயிறு எத்தனை பாகம் நீளம் என்று கேட்டார்.

எஸ்தர் காலஞ்சென்ற என் தங்கையின் மகள். எட்டு மாதம். பேறுகாலத்துக்கு எங்களிடம் வந்திருக்கிறாள். மீனைக் கொண்டுவந்தவர் மேலப்பாளையம் மைதீன் சாயபு, கைலி வியாபாரி. அவர் கப்பலேறும்போது சாமுவேல் காய்ச்சலில் படுத்திருந்தானாம். பாயில் கிடந்தபடியே ஜாடியை நீட்டினானாம். அதற்குப் பிறகு ஒரு கடிதமும் இல்லை.

இன்று காலை ஜாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எஸ்தர் சொன்னாள்: “மாமா, இந்த மீன் உசிரோட கெடக்கிற வரைக்கும் அவியளுக்கு ஒண்ணும் ஆகாது. எனக்கு அப்படித்தான் தோணுது.”

வாயில் ஒரு வேடிக்கை வைத்திருந்தேன். விழுங்கிவிட்டேன்.

பிறகுதான் பார்த்தேன். தண்ணீர்மேல் நுரை. பாயசத்தின் ஓரத்தில் நிற்குமே, அப்படி. மீனின் வாயிலிருந்தே வருகிறது. நாய்க்கு வாயில் நுரை தள்ளினால் என்ன அர்த்தம் என்பது ஊருக்கெல்லாம் தெரியும். எஸ்தர் பார்ப்பதற்குமுன் கரண்டியால் வழித்து எடுத்துவிட்டேன்.

4, வெள்ளி.

கா. 6. மறுபடி நுரை. வழித்தாயிற்று. கொசுப்புழு ஐந்து போட்டேன். இரண்டுதான் தின்றது. ஒரு மூலையில் நிற்கிறது. வழித்த இடத்தையே பார்க்கிறது.

துரையின் ஆஸ்தி: தண்ணீர், கண்ணாடி, நான். சுற்றம் இல்லை. பொழுதுபோக்கு இல்லை. கடல் கடந்து வந்து, பேச ஒரு முகமில்லை. நானாயிருந்தால் எனக்கும் நுரை தள்ளும். வியாதியின் பெயர் தனிமை என்று தீர்மானம்.

சவரக் கண்ணாடியை ஜாடியில் சாய்த்து வைத்தேன். அம்மம்மா. செவுள் விரிந்தது, கழுத்தைச் சுற்றிக் கறுப்புச் சால்வை எழும்பியது, வால் விசிறியாயிற்று. கண்ணாடிக்குள் இருந்த துரையை எதிர்த்து இந்தத் துரை படையெடுப்பு. எஸ்தர் கைகொட்டிச் சிரித்தாள். பத்து நாளில் முதல் சிரிப்பு. இன்னும் கொஞ்சம் காட்டச் சொன்னாள். அந்தச் சிரிப்புக்காகக் கண்ணாடியைச் சணல் போட்டு ஜாடியோடே கட்டிவிட்டேன். நாள் முழுக்க இருந்தது. அவிழ்க்கத் தோன்றவில்லை.

சவரம் தடவிப் பார்த்துச் செய்தேன். தாடையில் இரண்டு வெட்டு.

5, சனி.

துரை ஜாடியின் அடியில். பக்கவாட்டில் சாய்ந்து. ஒரு செவுள் மட்டும் அசைகிறது.

கண்ணாடியை அவிழ்க்கப் போனால் முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்தேன். நுரை இல்லை. அதுவே நல்ல குறி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நெஞ்சு ஒப்பவில்லை.

தபால்காரன் எங்கள் வீட்டைத் தாண்டிப் போனான். எஸ்தர் வாசலிலிருந்து நேரே ஜாடியிடம் வந்தாள். துரை தூங்குகிறார், பினாங்கில் இப்போது ராத்திரி என்றேன். நம்பினாள். நம்பியது பயமாயிருந்தது.

6, ஞாயிறு.

ஆராதனை. குருவானவர் துணையில்லாத ஜீவனைப்பற்றிப் பிரசங்கித்தார். தனித்திருக்கிறவனிடம் நாமே போகவேண்டும், அவன் கூப்பிடக் காத்திருக்கக்கூடாது என்றார். முழு ஆலயத்தில் எனக்கு மட்டும் சொன்னது மாதிரி. கடைசிப் பாட்டுக்கு நான் நிற்கவில்லை. நேரே ஆற்றுக்கு.

கொக்கிரகுளத்துப் படித்துறை. வேட்டியை மடித்துக் கட்டி, மேல்துண்டை விரித்துப் பிடித்து, ஒரு மணி நேரம். குளித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவன், “அண்ணாச்சி, கொழம்புக்கு இது காணாதே” என்றான். அகப்பட்டவை இரண்டு கெண்டைக் குஞ்சுகள். வெள்ளிக்காசு போல, நல்ல சுறுசுறுப்பு. குடும்பத்துப் பிள்ளைகள் என்று முகத்திலேயே எழுதியிருந்தது.

ஜாடியில் விட்டேன். துரை எழுந்தார். வரவேற்கிறார் என்று நினைத்தேன். சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தபோது இரண்டு குஞ்சுகளும் மாறி மாறித் துரையின் வாலைக் கொத்திக்கொண்டிருந்தன. துரை திரும்புவதற்குள் அவை மறுபக்கம். அந்த வால், அந்தக் கல்யாணப் பட்டு, கரையான் அரித்த சேலை மாதிரி நாராக. பாதி இல்லை.

குஞ்சுகளைக் கையால் அள்ளிச் சமையற்கட்டுத் தொட்டியில் எறிந்தேன். ஜாடியின்மேல் என் மேசைத் துணியைப் போட்டு மூடினேன். உட்கார்ந்தேன். பேறுகாலத்துக்கு ஒரு மாதம் இருக்க, இந்தப் பெண்ணுக்கு நான் என்ன செய்து வைத்திருக்கிறேன்.

7, திங்கள்.

எஸ்தரிடம் சொன்னது: துரைக்கு உபவாச வாரம், முகம் காட்டமாட்டார். “நல்லது மாமா” என்றாள். அவ்வளவுதான். கேள்வி இல்லை.

என் மனைவி ஞானப்பூ மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “என்னத்தையோ ஒளிக்கிய. உங்க மொகத்துல அத்தனையும் தெரியுது.”

மைதீன் சாயபு வீட்டுக்கு ஓடினேன். கல்லிடைக்குறிச்சிக்குச் சரக்கோடு போயிருக்கிறாராம். புதன்கிழமை வருவார்.

துணிக்குள் கைவிட்டுப் பார்த்தது இன்று மட்டும் பதினான்கு தடவை. உயிர் இருக்கிறது. இருக்கிறது என்று நினைக்கிறேன்.

8, செவ்வாய்.

இருக்கிறது. தின்னவில்லை. பள்ளிக்கூடத்தில் என் வகுப்புப் பையன்களுக்குக் கூட்டல் தப்பாகச் சொல்லிக் கொடுத்தேன். ஒருவனும் திருத்தவில்லை. அதுவும் பயமாயிருந்தது.

9, புதன்.

மா. 4. சாயபு வந்தார். எஸ்தர் கிணற்றடியில் இருந்த சமயம். துணியைத் தூக்கினார். நான் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன், கண்ணாடி, பிரசங்கம், கெண்டை.

“ஏன் வே, யாராவது இதுக்குச் சொந்தக்காரங்களைக் கூட்டியாருவாகளா?” என்றார். “இது ஒத்தையில கெடக்கிற சாதி. ஒத்தையில இருந்தாத்தான் அதுக்குச் சொகம். பினாங்குல ஒரு கடையில நூறு பாட்டில் அடுக்கி வச்சிருக்கான். பாட்டிலுக்கும் பாட்டிலுக்கும் நடுவுல ஒரு அட்டை. எதுக்குன்னு நெனைக்கீரு? ஒண்ணு மொகத்தை ஒண்ணு பாக்கப்பிடாதுன்னுதான்.”

பொழுதுபோக்கு வேண்டாமா என்று கேட்டேன். வேண்டுமாம். வெற்றிலை மடித்து வாயில் போடுகிற நேரம் மட்டும் அட்டையை எடுப்பார்களாம். இரண்டும் சால்வையை விரிக்கும். உடனே அட்டையைச் சொருகிவிடுவார்களாம். நான் காட்டியது ஒரு பகல் முழுவதும்.

கடைசியில் நுரையைச் சொன்னேன், மூன்றாம் தேதியும் நான்காம் தேதியும் கரண்டியால் வழித்ததையும். சாயபு தலையில் கைவைத்துக்கொண்டார். “அடப் பாவி மனுசா. அது வீடு வே.”

ஆண் மீன் வாயால் காற்றும் எச்சிலும் கலந்து குமிழி குமிழியாகக் கட்டுமாம். குஞ்சுகளை அதில்தான் வைத்து வளர்க்குமாம். பெண் பக்கத்தில் இல்லாவிட்டாலும் கட்டுமாம். சுகமாயிருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளமாம். வியாதிக்காரன் கட்டமாட்டான்.

வீட்டை இடித்தது நான். இரண்டு நாள் காலையில், கையில் கரண்டியோடு.

மருந்து: காய்ந்த வாதாம் இலை ஒன்று தண்ணீரில் போடவேண்டும். துணி மூடியே இருக்கட்டும். யாரும் பார்க்கவேண்டாம், முக்கியமாக நான். பள்ளிக்கூட முற்றத்து வாதாம் மரத்தடியில் இலைக்குப் பஞ்சமில்லை. இருநூறு பொறுக்கினேன். ஒன்று போட்டேன்.

10, வியாழன்.

தண்ணீர் தேயிலைச் சாயம். தபால் இல்லை. பார்க்கவில்லை. இரண்டு தடவைதான் பார்த்தேன்.

11, வெள்ளி.

ஒரு கொசுப்புழு காணவில்லை. தின்றதா, வழுக்கி அடியில் போனதா. ஜெபத்தில் கொசுப்புழுவைச் சேர்க்கலாமா என்று யோசித்தேன். சேர்த்தேன்.

12, சனி.

கா. 6. துணியைத் தூக்கினேன். வாதாம் இலைக்கு அடியில் ஒரு குமிழி. ஒன்றே ஒன்று. கடுகளவு. எண்ணினேன், மறுபடியும் எண்ணினேன், ஒன்றுதான். மூச்சு விட்டால் உடைந்துவிடும் என்று அறையை விட்டே வெளியே வந்துவிட்டேன்.

திண்டாட்டம் இனித் தாங்காது. எஸ்தரைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்ல ஆரம்பித்தேன். வால் போன விஷயத்துக்கு வருமுன் அவளே சொன்னாள்: “திங்கக்கெழமையே பாத்துட்டேன் மாமா. துணியைத் தூக்கி. நான் பாத்தது தெரிஞ்சா நீங்க பயந்துருவியன்னு சும்மா இருந்தேன்.”

ஐந்து நாள் ஒரே வீட்டில் இரண்டு பேர், ஒருவருக்காக ஒருவர் சிரித்த முகமாக. அவள் என்னைவிட நன்றாகப் பொய் சொல்லுகிறாள். இது எங்கள் குடும்பத்து ரத்தம்தான்.

அவளும் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டுதான் இருந்தாள். தலையணைக்கடியில் சாமுவேலின் பழைய கடிதங்கள் ஈரமாயிருந்ததாக ஞானப்பூ சொல்லுகிறாள்.

14, திங்கள்.

காற்று குறைவு. மேகம்.

கா. 10. தபால். பினாங்கு முத்திரை. எஸ்தருக்குக் கை வரவில்லை, என்னிடம் நீட்டினாள். எனக்கும் வரவில்லை. ஞானப்பூ பிரித்தாள்.

சாமுவேல் எழுத்து, கோணலாக. காய்ச்சல் ஐந்து வாரம். பேனா பிடிக்க இப்போதுதான் பலம். கஞ்சி போய்ச் சோறு வந்துவிட்டதாம். கடைசி வரி: மீன் வழியிலேயே செத்திருக்கும், அதற்காக மனம் விடாதே, இங்கே அணாவுக்கு ஒன்று.

எஸ்தர் அழுதாள், சிரித்தாள், பிறகு ஜாடியிடம் போய் மீனைத் திட்டினாள். “ஏலே, ஒனக்காக நாங்க பட்ட பாட்டைக் கேட்டியா. அவிய ஒன்னை அணாவுக்கு ஒண்ணுங்காவ.”

மா. 5. துரையின் கதை கேட்டாள், பிள்ளைக்குச் சொல்ல வேண்டுமாம். கப்பலை இழுத்தது சொன்னேன். தலையாட்டினாள். பாபநாசத்து முதலை ஒன்று துரையின் சால்வையைக் கண்டு மலையேறிப் போனது சொன்னேன். அதற்கும் தலையாட்டினாள். துரை பெண்சாதி கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருக்கும்போதே, தன்னந்தனியாக, தன் எச்சிலாலேயே பிள்ளைகளுக்குத் தொட்டில் கட்டுகிறார் என்றேன்.

“போங்க மாமா. அளக்கிறதுக்கும் ஒரு அளவு வேண்டாமா.”

கப்பல் பொய். முதலை பொய். கயிறு எத்தனை பாகம் என்று மூப்பருக்குச் சொன்னதும் பொய். தொட்டில் மட்டும் நிஜம். இன்று சாயந்தரம் கால் ரூபாய்க் காசு அகலம் இருந்தது.